இரண்டு நாட்டுச் சாம்பியன்: ஒராதேயா பயணக் குறிப்பு

முதல் நாள், மே 23, 2025, வெள்ளி

நான் வேலை பார்க்கும் டெப்ரெசென், ஹங்கேரியின் கிழக்குப் பக்கத்து ஊர். இங்கே மதியச் சாப்பாட்டு மேசையில் கால்பந்துப் பேச்சு ஓயாது. போன குளிர்காலத்தில் ஒரு நாள், கூட வேலை பார்ப்பவர் கேட்டார்: "புடாபெஸ்டுக்கு வெளியே இருந்து ஹங்கேரி லீகை முதன்முதலில் ஜெயித்த ஊர் எது, சொல் பார்ப்போம்." டெப்ரெசென் என்றேன். இல்லை, நம் ஊர் ஜெயித்தது 2005-ல்தான். அப்படியானால் ஜோர் என்றேன். அது 1963. அதற்கும் முன்னால் ஓர் ஊர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தெற்குப் பக்க ஜன்னலைக் காட்டினார். "அந்த ஊர் இப்போது ஹங்கேரியில் இல்லை."

அன்று ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவன்தான். ஹங்கேரியர்கள் நாஜ்வாராட் என்றும் ருமேனியர்கள் ஒராதேயா என்றும் சொல்லும் ஊர். அந்த ஊரின் கிளப் 1944-ல் ஹங்கேரிச் சாம்பியன், 1949-ல் ருமேனியச் சாம்பியன். ஐந்தே வருட இடைவெளியில் இரண்டு நாடுகளின் லீகை வென்ற கிளப், அப்புறம் 1963-ல் கலைக்கப்பட்டது. உலகக் கால்பந்தில் இப்படி இரண்டு நாட்டுப் பட்டம் பெற்ற கிளப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படி ஒன்று என் வீட்டிலிருந்து எழுபது கிலோமீட்டர் தூரத்தில் இருந்திருக்கிறது, மூன்று வருடமாக எனக்குத் தெரியாமல்.

கிளப் பிறந்தது 1910, மே 25. அந்தத் தேதியில் ஊரில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, வெள்ளி முதல் திங்கள் வரை நாலு நாள் கிளம்பிவிட்டேன்.

ரயில் நேராகப் போகாது. புஷ்பொக்லாதான்யில் இறங்கி வண்டி மாற வேண்டும். அதற்கப்புறம் கண்ணுக்கு எட்டிய வரை சமவெளி, கோதுமை, நடுநடுவே மஞ்சள் வயல். எல்லை வந்ததே தெரியவில்லை. இந்த ஜனவரி 1 முதல் ருமேனியா தரைவழியிலும் ஷெங்கனுக்குள், அதாவது எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் வட்டத்துக்குள், முழுதாக வந்துவிட்டது. என் பெட்டியில் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. போனில் மணி மட்டும் ஒரு மணிநேரம் முன்னால் குதித்தது. இந்தக் கோட்டுக்காகத்தான் எவ்வளவு நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஒராதேயாவில் இறங்கினேன்.

அழகான ஊர். க்ரிஷுல் ரெபேதே ஆறு நடுவில் ஓடுகிறது. டிராம் போகிறது. பெரிய சதுக்கத்தில் கருங்கழுகு மாளிகை இருக்கிறது, 1907-08-ல் கட்டியது. உள்ளே கண்ணாடிக் கூரை போட்ட நடைபாதை. வண்ணக் கண்ணாடியில் ஒரு கழுகு இறக்கை விரித்திருக்கிறது. கிளப்பைத் தொடங்கியவர்கள் பார்த்த ஒராதேயா இதுதான். இரண்டு வருடம் முன்பு கட்டி முடித்த புத்தம்புது மாளிகை, மின்சார டிராம், வளர்ந்துகொண்டிருந்த நகரம். அன்று அது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு. ஊரில் பெரும்பான்மை பேசியது ஹங்கேரிய மொழி. கிளப்பின் பெயர் நாஜ்வாராட் தடகளக் கழகம், சுருக்கமாக என்.ஏ.சி. சட்டை பச்சை வெள்ளை.

சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் நிலாக் கோயில் என்று ஒரு மாதாகோயில். கோபுரத்தில் ஓர் உருண்டை, பாதி கறுப்பு, பாதி பொன்நிறம். உள்ளே உள்ள இயந்திரம் வானத்து நிலாவுக்கு ஏற்றபடி அதைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு வேலை. அமாவாசைக்கு இன்னும் மூன்று நாலு நாள்தான் இருக்கிறது. ஓரத்தில் பொன்நிறம் ஒரு கீற்றுதான் தெரிந்தது.

ராத்திரி மமலிகா சாப்பிட்டேன். மக்காச்சோளக் களிதான். மேலே பாலாடைக்கட்டியும் புளித்த பாலேடும். நம் களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் வாயிலேயே பழகிவிடும்.

இரண்டாம் நாள், மே 24, சனி

காலையில் ஸ்டேடியம். 1924-ல் திறந்தது. இன்றைய பெயர் யூலியு பொடோலா ஸ்டேடியம். வெளிக்கதவு பூட்டியிருந்தது. கம்பி வழியே பார்த்தேன். பக்கத்தில் சின்னப் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ருமேனிய மொழியில் பாஸ் கேட்டான். இன்னொருவன் ஹங்கேரிய மொழியில் திட்டினான். இரண்டும் எல்லோருக்கும் புரிந்தது.

பொடோலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரின் கதை முழுக்க அந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது.

1912-ல் பிரஷோவில் பிறந்தார். 1930-ல் இந்தக் கிளப்புக்கு வந்தபோது ஊர் ருமேனியாவில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் எல்லை மேற்கே நகர்ந்தது. 1919-ல் ருமேனியப் படை வந்தது, 1920-ல் ஒப்பந்தம் ஆனது. கிளப் அப்படியே இருந்தது, பெயர் மட்டும் மொழி மாறி ஒராதேயா தடகளக் கழகம், சி.ஏ.ஓ. ஆனது. 1924-ல் ருமேனியச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் வரை போய் டிமிஷோவாராவின் கினேசுல் அணியிடம் தோற்றது. கினேசுல் அப்போது தொடர்ந்து ஆறு வருடம் பட்டம் வாங்கிய அணி. அவர்களிடம் தோற்றதில் வெட்கம் இல்லை.

1932-ல் ருமேனியாவில் தேசிய லீக் தொடங்கியபோது சி.ஏ.ஓ. அதில் இருந்தது. பொடோலா தாக்குதல் வரிசையில். 1934-35-ல் லீகில் இரண்டாம் இடம். முதலிடம் மறுபடியும் டிமிஷோவாராவுக்கு, இந்த முறை ரிபென்சியா. பக்கத்து ஊர் இரண்டு தடவை குறுக்கே வந்தது என்றால் ஒராதேயாக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அதே காலத்தில் இங்கே ஆடியவர் நிகோலாய் கோவாச். 1930, 1934, 1938 என்று முதல் மூன்று உலகக் கோப்பைகளிலும் ஆடிய மிகச் சிலரில் ஒருவர். அவருடைய தம்பி ஷ்டெஃபான் கோவாச்தான் பின்னாளில் நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்புக்குக் கோச்சாக 1972, 1973 ஐரோப்பியக் கோப்பைகளை வென்றவர்.

பொடோலா ருமேனியாவுக்காக 48 ஆட்டம் ஆடி 30 கோல் போட்டார். 1934, 1938 உலகக் கோப்பைகளுக்கும் போனார். ருமேனியாவின் பெரிய நட்சத்திரம் ஹாஜி வரும்வரை, அதாவது 1990கள் வரை, ருமேனிய அணிக்காக அதிகக் கோல் போட்டவர் அவர்தான். ஹாஜி எந்த அளவு ஆட்டக்காரர் என்பது நமக்குத் தெரியும். அவர் வந்துதான் தாண்ட வேண்டியிருந்தது.

1937-ல் பொடோலா புக்கரெஸ்ட்டின் வீனஸ் கிளப்புக்குப் போனார். 1940 ஆகஸ்ட் 30-ல் வியன்னாவில் ஒரு தீர்ப்பு. ஜெர்மனியும் இத்தாலியும் உட்கார்ந்து வடக்கு டிரான்சில்வேனியாவை ருமேனியாவிடமிருந்து எடுத்து ஹங்கேரிக்குக் கொடுத்தன. புதுக் கோடு ஒராதேயாவுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் விழுந்தது. ஊர் மறுபடி நாஜ்வாராட். கிளப் மறுபடி என்.ஏ.சி. பொடோலா திரும்பி வந்தார். யூலியு என்ற பெயர் ஜூலா ஆனது. அப்புறம் அவர் ஹங்கேரி அணிக்கும் ஆடினார். 13 ஆட்டம், 4 கோல்.

சிலர் இதைக் கட்சி மாறியது போலப் பேசுகிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஒப்பவில்லை. அவர் தன் பழைய கிளப்புக்கு வந்தார். அது வேறு நாட்டுக்குள் இருந்தது.

மதியம் ஸ்டேடிய வெளிக்கதவுப் பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். நான் கம்பி வழியே படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு ஹங்கேரிய மொழியில், "உள்ளே ஒன்றும் இல்லை, புல்தான்" என்றார். நான் பதில் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். ஒரு இந்தியன் ஹங்கேரிய மொழி பேசுவதை அவர் எதிர்பார்க்கவில்லை. எதற்கு வந்தாய் என்று கேட்டார். என்.ஏ.சி.க்காக என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நாளைக்குப் பிறந்தநாள்" என்றார்.

ஹங்கேரிய மொழியில் பெரியவர்களை 'பாச்சி' என்று கூப்பிடுவார்கள். நம் ஊரில் முன்பின் தெரியாதவரைப் பெரியப்பா, தாத்தா என்று கூப்பிடுவது போல. நானும் பாச்சி என்றே கூப்பிட்டேன். வயது 78. வீட்டில் ஹங்கேரிய மொழி, வேலையில் ருமேனிய மொழி என்று வாழ்ந்தவர். நாளைக்குப் பத்து மணிக்கு இதே பெஞ்சுக்கு வா என்றார்.

மாலையில் ஆற்றங்கரையில் நடந்தேன். கரையிலேயே ஒரு பெரிய யூதக் கோயில். உயரமான குவிமாடம், 1878-ல் கட்டியது, சமீபத்தில் பழுது பார்த்து உள்ளே போய்ப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். தூண்கள், தரை, சுவர், எங்கே பார்த்தாலும் சித்திர வேலை. ஆயிரம் பேர் உட்காரலாம் போல இருந்தது. நான் போனபோது உள்ளே இருந்தது நாங்கள் ஆறு பேர், ஆறு பேரும் சுற்றுலாப் பயணிகள்.

வெளியே வந்து, இவ்வளவு பெரிய கோயிலுக்கு வந்தவர்கள் எங்கே என்று தேடிப் படித்தேன். நேற்றே படித்திருக்க வேண்டும். மே 23-ஆம் தேதியை நான் வெறும் பயண நாளாக எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் நாள், மே 25, ஞாயிறு

பத்து மணிக்கு முன்பே போய்விட்டேன். பாச்சி எனக்கும் முன்னால் வந்திருந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார், பச்சைக் கட்டம் போட்டது. 115-ஆம் பிறந்தநாளுக்கு ஸ்டேடியத்துக்கு வெளியே நாங்கள் இருவர்.

முதலில் 1944-ஐப் பற்றித்தான் கேட்டேன். அவர் அப்போது பிறக்கவில்லை. அப்பா சொன்னதை அவர் சொன்னார், நான் படித்ததை நான் சேர்த்துக்கொண்டேன்.

1941-42-ல் என்.ஏ.சி. ஹங்கேரியின் முதல் டிவிஷனுக்குள் வந்தது. அடுத்த வருடமே இரண்டாம் இடம். முதலிடம் தொழிற்சாலைப் பகுதி அணியான செபெல். 1943-44-ல் பட்டமே கைக்கு வந்துவிட்டது. இரண்டாவதாக வந்த ஃபெரென்ட்ஸ்வாரோஷ் வெகு பின்னால். மூன்றாவது கொலோஜ்வார், இன்றைய க்ளூஜ். அதுவும் இப்போது ருமேனியாதான். 1901 முதல் நாற்பது வருடத்துக்கும் மேலாக புடாபெஸ்ட் வட்டாரத்தை விட்டு வெளியே போகாத பட்டம், எல்லைப் பக்கத்து ஊருக்கு வந்தது. கோச் ஃபெரென்ஸ் ரோனாய். முன்வரிசையில் பொடோலா. உள்ளூர் பிள்ளை ஃபெரென்ஸ் ஷார்வாரி, ருமேனியக் காலத்தில் ஃப்ரான்சிஸ்க் ஷ்பீல்மன் என்று ஆடியவர், அவரும் இரண்டு நாட்டுச் சட்டையையும் போட்டவர். பின்னால் நின்றவன் இருபது இருபத்தொரு வயது ஜூலா லோராந்த்.

லோராந்த் என்ற பெயரைக் கேட்டால் கால்பந்து பிடித்தவர்களுக்கு மனதில் மணி அடிக்கும். புஷ்காஷ், கோச்சிஷ் இருந்த ஹங்கேரியின் அந்த 1950களின் பொன்னணியின் நடுத் தடுப்பாட்டக்காரர். 1952 ஒலிம்பிக் தங்கம், 1953-ல் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3, 1954 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், எல்லாவற்றிலும் இருந்தவர். அவருடைய முதல் லீக் பட்டம் இந்த ஊர் அணியோடு. போருக்குப் பின் ஆராட் ஊர் அணியோடு 1947-ல் ருமேனியப் பட்டமும் வாங்கினார். 1981-ல் கிரீஸில் கோச்சாக ஓர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் இறந்தார்.

இதுவரை சொல்வது சுலபம். இந்த வெற்றி நடந்த அதே வசந்த காலத்தில் இதே ஊரில் நடந்தது வேறொன்று.

1944 மார்ச் 19-ல் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் வந்தது. ஒராதேயாவில் அப்போது சுமார் 21,000 யூதர்கள், ஊரில் நாலில் ஒருவர் என்ற கணக்குக்குப் பக்கம். கடைக்காரர்கள், டாக்டர்கள், தையல்காரர்கள், பத்திரிகைக்காரர்கள். நான் முதல் நாள் ரசித்த மாளிகைகளைக் கட்டவும் நடத்தவும் பணமும் உழைப்பும் போட்டவர்கள். மே தொடக்கத்தில் அவர்களை வேலி போட்ட ஒரு பகுதிக்குள் அடைத்தார்கள். அகதிகளையும் சேர்த்து சுமார் 27,000 பேர், சுற்றுக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்த 8,000 பேர் தனியாக. புடாபெஸ்டை விட்டால் ஹங்கேரியின் மிகப் பெரிய யூத அடைப்பு இதுதான். மே 23-ல் முதல் ரயில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கிளம்பியது. ஜூன் முதல் வாரம் வரை ரயில்கள் போய்க்கொண்டிருந்தன.

மே 23. மே 25. கிளப்பின் முப்பத்து நாலாம் பிறந்தநாள் அன்று ஊர் இப்படி இருந்தது.

பாச்சியிடம் கேட்டேன், உங்கள் அப்பா இதைப் பேசுவாரா என்று. "ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார். கேலரியில் அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் உட்காருவாராம். பெயர் சொல்ல மாட்டார். அந்த வருடம் அவர் வரவில்லை என்பதோடு நிறுத்திவிடுவார். நான் கேட்டதும் இல்லை." கடைசி வரியை அவர் தலையைக் குனிந்தபடி சொன்னார்.

மேற்கொண்டு நானும் கேட்கவில்லை. இருவரும் டிராமில் ஏறி பால்செஸ்கு பூங்காவுக்குப் போனோம். அடைப்பிலிருந்து மக்களைக் கொண்டுவந்து ரயிலேற்றிய இடம் அது. இப்போது மர நிழல், குழந்தைகள், ஐஸ்கிரீம் வண்டி. அங்கே ஒரு சிறுமியின் சிலை இருக்கிறது. ஏவா ஹேமன். தன் பதின்மூன்றாம் பிறந்தநாளிலிருந்து அந்த மே மாதக் கடைசி வரை நாட்குறிப்பு எழுதியவள். அக்டோபரில் ஆஷ்விட்ஸில் இறந்தாள். சிலையின் காலடியில் யாரோ கூழாங்கற்கள் வைத்திருந்தார்கள். பாச்சியும் குனிந்து ஒன்றை எடுத்து வைத்தார். முழங்கால் வலியில் எழுந்திருக்க நேரமானது. கை கொடுத்தேன்.

கால்பந்தை நேசிக்கிறவன் என்கிற முறையில் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. 1944 சாம்பியன் என்று பட்டியலில் ஒரு வரியாகப் படிக்கும்போது அது வெறும் பெருமை. இந்தப் பூங்காவில் நின்று படித்தால் அப்படி இல்லை. ஆட்டக்காரர்களைக் குற்றம் சொல்ல எனக்கு ஆதாரமும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் கேலரியில் காலியான இடங்களைச் சொல்லாமல் அந்தப் பட்டத்தை மட்டும் சொல்வது சரியில்லை.

ராத்திரி சதுக்கம் வழியே வந்தேன். நிலாக் கோயில் உருண்டை ஏறக்குறைய முழுக் கறுப்பு.

நான்காம் நாள், மே 26, திங்கள்

மதியம் ரயில். காலை மட்டும் கையில் இருந்தது. பாச்சி சதுக்கத்தில் ஒரு காபிக்கடைக்கு வரச் சொன்னார். நேற்று இரவே மீதிக் கதையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். இது அவர் வாழ்ந்த காலம். ஆகவே குரலும் மாறிவிட்டது, கையை ஆட்டிப் பேசினார்.

1944 அக்டோபர் 12-ல் ஊர் ஜெர்மன்-ஹங்கேரியப் படைகளின் கையை விட்டுப் போனது. எல்லை மறுபடி பழைய கோட்டுக்கு. கிளப் ருமேனியக் கால்பந்துக்குத் திரும்பியது. பழைய பெயர்கள் இரண்டுமே புது ஆட்சிக்கு ஆகாது. 1945-ல் லிபெர்டாடியா, அதாவது சுதந்திரம். அப்புறம் கிளப்புகளைத் தொழிற்சாலைகளோடும் அரசு நிறுவனங்களோடும் கட்டிப்போடும் காலம் வந்தது. ஒராதேயா நகராட்சி நிறுவனத்தின் பெயரைச் சுருக்கி ஐ.சி.ஓ. ஆக்கினார்கள். அந்தப் பெயரில்தான் 1948-49 ருமேனியப் பட்டம். முந்திய இரண்டு வருடமும் சாம்பியன் ஆராட் ஜவுளி ஆலை அணி. அதற்கடுத்த பட்டமும் அவர்களுக்குத்தான். நடுவில் ஒரே ஒரு வருடம் ஒராதேயா புகுந்து எடுத்தது. லீகில் அதிகக் கோல் போட்டவரும் இந்த அணியின் ஜார்ஜே வாட்சி. ஷ்பீல்மன் அதிலும் இருந்தார். ஐந்து வருடத்தில் இரண்டு நாட்டுப் பட்டம், அதே ஊர்.

பொடோலா இல்லை. போருக்குப் பின் க்ளூஜில் கொஞ்ச காலம் ஆடிவிட்டு புடாபெஸ்டுக்குப் போய்விட்டார். 1992-ல் அங்கேயே இறந்தார்.

"ஐ.சி.ஓ. என்று யாராவது கத்தினார்களா கேலரியில்?" என்று கேட்டேன். பாச்சி இல்லை என்று தலையாட்டினார். "அப்பா என்.ஏ.சி. என்பார். பக்கத்து வீட்டு ருமேனியர் சி.ஏ.ஓ. என்பார். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் எங்கள் தெருவில் இந்த இரண்டுதான்."

1951-ல் ப்ரோக்ரேசுல், அதாவது முன்னேற்றம். 1955-ல் ருமேனியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ராணுவ அணியிடம் 6-3 என்று தோல்வி. அந்த ராணுவ அணிதான் பிறகு புக்கரெஸ்ட்டின் ஸ்டேவா கிளப் ஆனது. அடுத்த வருடம் மறுபடியும் இறுதி ஆட்டம். எதிரே கும்பியா துர்சி என்ற சின்ன ஊரின் இரண்டாம் டிவிஷன் அணி. 2-0, கோப்பை வந்தது. பாச்சிக்கு அப்போது ஒன்பது வயது. ரேடியோ வைத்திருந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே தெருவே நின்றதாம். அறிவிப்பு ருமேனிய மொழியில். அப்பாவுக்கு அந்த மொழி சரியாக வராது. மகன்தான் பள்ளிக்கூடத்தில் கற்றதை வைத்து வரிக்கு வரி மொழிபெயர்த்தான். இரண்டாவது கோலை மொழிபெயர்க்க மறந்து அவன் பாட்டுக்குக் குதித்தானாம். அப்பா, "என்னடா, என்னடா" என்று தோளைப் பிடித்து உலுக்கியதை இன்று நடந்தது போலச் சொன்னார்.

அதற்கப்புறம் மேலே போகவில்லை. ஊரிலேயே 1958-ல் இன்னொரு கிளப் தொடங்கியிருந்தது, பின்னாளில் எஃப்.சி. பிஹோர் ஆனது, நீலம் சிவப்புச் சட்டை. அதிகாரிகளின் கவனமும் பணமும் அந்தப் பக்கம் போனது. பழைய கிளப் சி.எஸ். ஒராதேயா ஆகி, க்ரிஷானா ஆகி, 1963-ல் கலைந்தது. அதே 1963-ல்தான் ஜோர் ஊர் ஹங்கேரிப் பட்டத்தை வென்றது, புடாபெஸ்டுக்கு வெளியே இரண்டாவது ஊராக. அலுவலகத்தில் நான் சொன்ன தப்புப் பதில்.

பிஹோரும் கடனில் மூழ்கி 2016-ல் போய்விட்டது. ஊரில் பெரிய கிளப்பே இல்லாத நிலை. 2017-ல் சிலர் சேர்ந்து சி.ஏ.ஓ. என்ற பழைய பெயரிலேயே புதிதாக ஒரு கிளப் ஆரம்பித்தார்கள், பச்சை வெள்ளையோடு. பிஹோரும் 2022-ல் புதுப்பிறவி எடுத்தது. பாச்சி இரண்டையும் போய்ப் பார்க்கிறார். சி.ஏ.ஓ. ஆட்டத்துக்கு மட்டும் அந்தக் கட்டம் போட்ட சட்டை.

கிளம்பும் நேரம் வந்தது. என் நோட்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிளப்பின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பள்ளிக்கூடக் கையெழுத்து. கடைசியில் க்ரிஷானா என்று எழுதி அடியில் கோடு போட்டார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி, "உன் எழுத்தில் எங்கள் ஊரை எழுது" என்றார்.

நாஜ்வாராட் என்று எழுதினேன். அதன் கீழே ஒராதேயா என்று எழுதினேன். தன் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரச் சொன்னார். அவர் எழுதிய பெயர்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, கிழித்துக் கொடுத்தேன்.

கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு வரிகளையும் விரலால் தொட்டு, எது வாராட், எது ஒராதேயா என்று கேட்டார். காட்டினேன். மறந்துவிடும் என்று சொல்லி, பேனாவை வாங்கிப் பக்கத்தில் குறித்துக்கொண்டார்.